பழைய ஏ.சி.க்கு கேஸ் போடுவதா, புதிது வாங்குவதா?

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் வீட்டு ஏ.சி.யைப் போட்டுப் பார்க்கிறோம். காற்று வருகிறது, குளிர் வரவில்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "கேஸ் போயிடுச்சு அண்ணாச்சி. இது பழைய கேஸ். இப்ப கிடைக்கிறதே கஷ்டம். பேசாம புதுசா வாங்கிடுங்க" என்கிறார். அடுத்த தெருக்காரரோ, "கேஸ் தாராளமா கிடைக்குது, நான் போட்டுத் தர்றேன்" என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் நம்மில் அநேகர்.

கொள்முதலில் ஐம்பது பைசா வித்தியாசத்துக்கு மூன்று மண்டிகளில் விலை கேட்கும் நாம், வீட்டுக்கு நாற்பதாயிரம் ரூபாய்ச் செலவு வரும்போது ஒருவர் வாய்ச்சொல்லை நம்பி முடிவெடுப்பது சரியல்ல. ஆகவே இந்தக் கேஸ் விவகாரத்தை உறுப்பினர்களுக்கு விளக்குவது நமது கடமை என்று கருதுகிறோம்.

கேஸ் தேய்வதில்லை

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போல ஏ.சி.க்குக் கேஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. இந்தக் கேஸ் ஒரு சுமை தூக்கும் ஆள். அறைக்குள் இருக்கும் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே இருக்கும் யூனிட்டுக்குப் போகும். அங்கே இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வரும். மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவதால் அது எரிவதும் இல்லை, குறைவதும் இல்லை. நல்ல நிலையில் உள்ள ஏ.சி.க்கு அதன் ஆயுள் முழுவதும் கேஸ் போடவே வேண்டியதில்லை.

கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். எண்ணெய் டின் அடியில் ஒழுகும்போது மேலே ஊற்றிக்கொண்டே இருப்போமா? வருடா வருடம் கேஸ் நிரப்புகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். குழாயின் நட்டு இணைப்பிலோ, பற்றவைத்த இடத்திலோ, உள்ளே வெளியே இருக்கும் காயில்களிலோதான் பெரும்பாலும் ஒழுக்கு இருக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று காயிலை அரிப்பதால் இந்தத் தொல்லை அதிகம்.

ஏன் நிறுத்துகிறார்கள்?

பழைய ஏ.சி.க்களில் இருப்பது ஆர்-22 என்ற கேஸ். இதில் குளோரின் உண்டு. வெளியேறி வானத்தில் மேலே போனால், சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை இது அரிக்கும். இந்த வகைக் கேஸ்களின் ஆபத்தை மோலினா, ரோலண்ட் என்ற விஞ்ஞானிகள் 1974-ல் எடுத்துச் சொன்னார்கள். அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் மெலிந்து போனது 1985-ல் உலகுக்குத் தெரிந்தது. 1987 செப்டம்பர் 16-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது.

முதலில் போனது ஃப்ரிட்ஜ்களில் இருந்த ஆர்-12. அந்த வகைக் கேஸைத் தயாரித்த இந்தியத் தொழிற்சாலைகளில் நம் மேட்டூரில் இருந்ததும் ஒன்று. நாட்டில் அந்தத் தயாரிப்பு 2008-ல் நிறுத்தப்பட்டது. இப்போது நடப்பது இரண்டாவது சுற்று. இதில் போவது ஆர்-22.

இந்த ஏற்பாடு வீண் போகவில்லை. ஓசோன் படலம் மெல்ல மெல்ல மீண்டு வருகிறது. உலகின் பெரும் பகுதியில் 2040 வாக்கில் அது 1980-ல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்று விஞ்ஞானிகள் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

கால அட்டவணை என்ன சொல்கிறது?

ஆர்-22 ஒரே நாளில் தடை செய்யப்படவில்லை. ரேஷன் ஒதுக்கீட்டைப் படிப்படியாகக் குறைப்பது போலக் குறைக்கிறார்கள். 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளின் சராசரி உபயோகத்தை நூறு மூட்டை என்று வைத்துக்கொள்வோம். 2013-ல் அதற்கு மேல் போகக் கூடாது என்று நிறுத்தினார்கள். 2015-ல் 10 சதவீதம் வெட்டு, 2020-ல் 35 சதவீதம் வெட்டு, 2025-ல் 67.5 சதவீதம் வெட்டு. அதாவது நூறு மூட்டை இருந்த இடத்தில் இப்போது முப்பத்திரண்டரை மூட்டைக்குத்தான் இடம். 2030-ல் அதுவும் போய்விடும். அதன் பிறகு 2040 வரை, பழைய மெஷின்களைப் பழுது பார்ப்பதற்கு மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டரை மூட்டை.

புதிய மெஷின்களில் இந்தக் கேஸை வைத்துத் தயாரிப்பது 2024 டிசம்பரோடு நம் நாட்டில் முடிந்தது. கேஸ் நிரப்பிய ஏ.சி.க்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதை மத்திய அரசு 2020 அக்டோபரிலேயே தடை செய்துவிட்டது.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, வீட்டில் ஆர்-22 ஏ.சி. வைத்திருப்பது குற்றம் அல்ல. அதை ஓட்டலாம், பழுது பார்க்கலாம், கேஸும் போடலாம். "கவர்மெண்டு தடை பண்ணிடுச்சு, தூக்கிப் போடுங்க" என்று யாராவது சொன்னால் அது வியாபாரப் பேச்சு. இரண்டு, வரத்துக் குறையும் சரக்கின் விலை என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் புதிய ஆர்-22 தயாரிப்பும் இறக்குமதியும் நின்றுபோயின. அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே அங்கே விலை பல மடங்கு ஏறிவிட்டது. இன்று அங்கே பழைய இருப்பையும், பழைய மெஷின்களிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த கேஸையும் வைத்துத்தான் ஓட்டுகிறார்கள்.

தகட்டைப் படியுங்கள்

உங்கள் ஏ.சி.யில் என்ன கேஸ் இருக்கிறது என்பதை மெக்கானிக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம். வெளி யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள தகட்டில் கேஸின் பெயரும், எத்தனை கிராம் அல்லது கிலோ என்ற அளவும் அச்சிட்டிருக்கும். பத்து வருடத்துக்கு மேலான மெஷின் என்றால் பெரும்பாலும் ஆர்-22 இருக்கும். அதற்குப் பிறகு வந்தவற்றில் ஆர்-410ஏ அல்லது ஆர்-32 இருக்கும். சில மெஷின்களில் ஆர்-290 இருக்கும். இது நம் சமையல் கேஸுக்கு உறவான புரோப்பேன்தான். கோத்ரெஜ் நிறுவனம் 2012-ல் இதை வைத்து இந்தியாவில் ஏ.சி. கொண்டு வந்தது.

ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டும் ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்கும் குணம் இவற்றுக்கும் உண்டு. ஒரு கிலோ கரியமில வாயுவை ஒன்று என்று வைத்தால், ஒரு கிலோ ஆர்-22 சுமார் 1,810-க்குச் சமம். ஆர்-410ஏ சுமார் 2,088. ஆர்-32 சுமார் 675. ஆர்-290 மிகச் சொற்பம். ஆகவே 2016-ல் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் இன்னொரு ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்தியா 2021-ல் அதை ஏற்றது. அதன்படி நம் நாட்டில் இந்த வகைக் கேஸ்களின் அளவு 2028-ல் நிறுத்தி வைக்கப்பட்டு, 2032-ல் 10 சதவீதத்தில் தொடங்கி 2047-ல் 85 சதவீதம் வரை குறைக்கப்படும். ஆர்-32, ஆர்-410ஏ மெஷின் வைத்திருப்பவர்கள் இப்போதைக்குக் கவலைப்பட வேண்டியதில்லை என்பதே இதன் பொருள். அந்த மெஷின்களின் ஆயுள் முடியும் மட்டும் கேஸ் கிடைக்கும்.

பழைய மெஷினில் புதுக் கேஸ் போடலாமா?

"ஆர்-22 கிடைக்கலே, அதுக்குப் பதிலா வேற கேஸ் போட்டுடலாம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இங்கேதான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஆர்-410ஏ கேஸின் அழுத்தம் ஆர்-22-ஐப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆர்-32-ம் அதே ரகம்தான். பழைய கம்ப்ரசரும் குழாயும் அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கம்ப்ரசருக்குள் இருக்கும் எண்ணெயும் வேறு. ஆர்-22-க்குக் கனிம எண்ணெய், புதுக் கேஸ்களுக்குச் செயற்கை எண்ணெய். பொருந்தாத எண்ணெய் கேஸோடு சேர்ந்து திரும்பி வராது. கம்ப்ரசர் வறண்டு பிடித்துக்கொள்ளும்.

அழுத்தம் ஒத்துப்போகிறது என்று சொல்லிச் சிலர் புரோப்பேன் வகைக் கேஸைப் பழைய மெஷினில் ஏற்றுகிறார்கள். குளிரும் நன்றாகவே வரும். ஆனால் அது எரியும் கேஸ். அதற்கென்று வடிவமைத்த மெஷினில் சுவிட்ச், ரிலே முதல் நிரப்பும் அளவு வரை எல்லாம் யோசித்துச் செய்திருப்பார்கள். பழைய மெஷினில் அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. படுக்கை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு குடும்பத்தோடு தூங்கும் இடத்தில் இந்தச் சோதனை வேண்டாம். அடுத்த முறை பழுது பார்க்க வரும் பையன், உள்ளே இருப்பது ஆர்-22 என்று நினைத்துப் பற்றவைப்பு விளக்கை நீட்டுவான் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கலப்படக் கேஸ் என்ன செய்யும் என்பதற்கு 2011-ல் நடந்தது சாட்சி. கப்பலில் குளிர்பதனச் சரக்கு ஏற்றும் கண்டெய்னர்களில் ஆர்-134ஏ என்ற பெயரில் போலிக் கேஸை நிரப்பியிருந்தார்கள். அதில் கலந்திருந்த பொருள் அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டால் தானே பற்றிக்கொள்ளும் ஒன்றாக மாறியது. கண்டெய்னர்கள் வெடித்து, வேலை செய்துகொண்டிருந்த மூன்று பேர் மாண்டார்கள். மலிவான சிலிண்டரின் விலையை யார் கொடுக்க நேரிடுகிறது பாருங்கள்.

ரிப்பேரா, புதிதா? கணக்குப் போடுவோம்

வெளி யூனிட்டை மட்டும் புதிதாக வாங்கி, பழைய உள் யூனிட்டோடு இணைப்பது என்ற யோசனை வேண்டாம். இரண்டும் ஒரே கேஸுக்கு ஏற்ற ஜோடியாக இருக்க வேண்டும். ஆகவே நம் முன் உள்ளவை இரண்டே வழிகள். பழையதை அதே கேஸில் பழுது பார்ப்பது, அல்லது ஜோடியாகப் புதிது வாங்குவது.

கீழே உள்ள தொகைகள் கணக்குக்காக நாம் வைத்துக்கொள்பவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது ஏ.சி. பொருத்துக் கூலியோடு 42,000 ரூபாய், பத்து வருடம் உழைக்கும் என்று வைப்போம். வருடத்துக்கு 4,200 ரூபாய். பழைய மெஷின் புதியதைவிட வருடத்துக்கு 500 யூனிட் கூடுதலாகக் கரண்ட் இழுக்கிறது, யூனிட் 8 ரூபாய் என்றால் கூடுதல் செலவு 4,000 ரூபாய்.

முதல் நிலை: பதிமூன்று வருட ஆர்-22 மெஷினில் காயில் போய்விட்டது. காயில் மாற்றிக் கேஸ் நிரப்ப 12,000 ரூபாய். இன்னும் மூன்று வருடம் ஓடும். வருடத்துக்கு 4,000, கரண்ட் கூடுதல் 4,000, ஆக 8,000. புதியதற்கு 4,200-தான். இங்கே ரிப்பேர் நஷ்டம்.

இரண்டாம் நிலை: அதே மெஷினில் நட்டு இணைப்பில் மட்டும் ஒழுக்கு. 3,000 ரூபாயில் முடிகிறது. வருடத்துக்கு 1,000, கரண்ட் 4,000, ஆக 5,000. புதியதற்கு 4,200 என்றாலும், முதல் போட்ட பணத்துக்கு வட்டியைச் சேர்த்தால் ஏறக்குறைய சரிசமம். அவசரப்பட வேண்டாம்.

மூன்றாம் நிலை: அதே சிறு ஒழுக்கு, ஆனால் கோடையில் மட்டும் ராத்திரி இரண்டு மணி நேரம் ஓடும் ஏ.சி. கூடுதல் கரண்ட் 100 யூனிட், 800 ரூபாய். ரிப்பேரோடு சேர்த்து 1,800. இங்கே புதிது வாங்குவது வீண் செலவு.

எத்தனை மணி நேரம் ஓடுகிறது, ஒழுக்கு எங்கே இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளும்தான் முடிவைச் சொல்கின்றன. மெஷினின் வயது மூன்றாவதுதான். ஆறு வருட ஆர்-32 அல்லது ஆர்-410ஏ மெஷினில் சிறு ஒழுக்கு என்றால் யோசிக்காமல் பழுது பாருங்கள். ஆர்-22 மெஷினில் கம்ப்ரசரோ காயிலோ போனால், அதில் பெரிய பணம் போடாதீர்கள். கேஸ் மட்டுமல்ல, உதிரி பாகங்களின் வரத்தும் இனிக் குறையத்தான் செய்யும்.

புதிது வாங்கும்போது ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. ஏ.சி. மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. கடைக்கு வாங்கினால் கடைப் பெயரில், ஜி.எஸ்.டி. எண்ணுடன் பில் கேளுங்கள். வழக்கமான முறையில் வரி கட்டுபவர்கள் உள்ளீட்டு வரி வரவு எடுக்க வழி உண்டு. காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கும், வீட்டு உபயோகத்துக்கும் அது கிடையாது. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நலம்.

கேஸையும் நிறுத்து வாங்குங்கள்

தராசு இல்லாமல் நாம் கால் கிலோ சீனி கூட விற்பதில்லை. கேஸை மட்டும் ஏன் கண்ணால் அளந்து வாங்க வேண்டும்? மெக்கானிக் வரும்போது கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

ஒழுக்கைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் போட அனுமதிக்காதீர்கள். ஒழுக்குச் சோதனைக்கு நைட்ரஜன் ஏற்ற வேண்டும். ஒருபோதும் ஆக்சிஜன் ஏற்றக் கூடாது. ஆக்சிஜன் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

அடைத்த பிறகு வாக்குவம் பம்பு வைத்துக் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். பம்பு கொண்டுவராமல், கேஸையே கொஞ்சம் திறந்து விட்டுக் காற்றைத் தள்ளுவது தவறு. ஆர்-32, ஆர்-290 விஷயத்தில் அது ஆபத்தும் ஆகும்.

சிலிண்டரை நிரப்புமுன் ஒரு முறையும் நிரப்பிய பின் ஒரு முறையும் தராசில் வையுங்கள். தகட்டில் உள்ள அளவுதான் உள்ளே போக வேண்டும். கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். பில்லில் கேஸின் பெயரையும் கிராம் கணக்கையும் எழுதி வாங்குங்கள்.

வீடு மாறும்போது, கேஸ் முழுவதையும் வெளி யூனிட்டுக்குள் இழுத்து வால்வை மூடிவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். சரியாகச் செய்தால் புது வீட்டில் கேஸ் செலவே இருக்காது.

இந்த வேலைக்குப் பயிற்சி பெற்றவரா என்றும் கேளுங்கள். கேஸ் மாற்றத் திட்டத்தின் கீழ் மத்திய அரசு மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி தந்து வருகிறது. அத்தகையவருக்கு நூறு இருநூறு கூடக் கொடுப்பது நஷ்டம் ஆகாது. எரியும் கேஸோடு மொட்டை மாடி விளிம்பில் நின்று வேலை பார்ப்பவர் அவர். அவர் உயிரும் இதில் இருக்கிறது.

கடையில் உள்ள ஃப்ரீசர்

ஐஸ்கிரீம் ஃப்ரீசர், கூல்டிரிங்க்ஸ் கூலர் வைத்திருப்பவர்களும் தகட்டைப் பாருங்கள். புதியவை பலவற்றில் ஆர்-290 அல்லது ஆர்-600ஏ இருக்கும். இரண்டும் எரியக்கூடியவை. உறைந்த ஐஸைக் கத்தியாலோ ஸ்குரூ டிரைவராலோ குத்திப் பெயர்க்காதீர்கள். குழாய் ஓட்டையானால் கேஸ் கடைக்குள் பரவும். பின்பக்கம் காற்றோட்டம் விட்டு வையுங்கள். கம்பெனி கொடுத்த பெட்டியாக இருந்தால் கம்பெனிக்கே சொல்லுங்கள். தெருவில் போகும் மெக்கானிக்கை வைத்துத் திறக்க வேண்டாம். பழைய பெரிய ஃப்ரீசர்களில் உள்ள ஆர்-404ஏ, பூமியைச் சூடாக்குவதில் ஆர்-410ஏ-வையும் மிஞ்சியது. கிகாலி ஒப்பந்தத்தின் பட்டியலில் அதுவும் இருப்பதால், புதிதாக வாங்குபவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

பழையதைக் கழிக்கும்போது

பழைய இரும்புக்காரர் வந்தால் அவர் முதலில் செய்வது செம்புக் குழாயை வெட்டுவது. "புஸ்" என்ற சத்தத்தோடு கேஸ் முழுவதும் வானத்துக்குப் போய்விடும். ஒரு கிலோ ஆர்-22 போனால், 1,800 கிலோவுக்கு மேல் கரியமில வாயு விட்டதற்குச் சமம். ஓசோனுக்கும் கேடு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் ஏ.சி.யும் ஃப்ரிட்ஜும் அடங்கும். எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள், அல்லது அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேருங்கள். கேஸை வெளியே விடாமல் சிலிண்டரில் பிடித்துத் தரும் மெக்கானிக் கிடைத்தால் இன்னும் நல்லது. வருகிற ஆண்டுகளில் பழைய மெஷின்களுக்குக் கேஸ் வேண்டுமென்றால், இப்படிப் பிடித்துச் சுத்திகரித்த கேஸ்தான் கைகொடுக்கும்.

உறுப்பினர்கள் இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். கடை சாத்திவிட்டு வீட்டுக்குப் போனதும், வெளி யூனிட்டின் தகட்டைப் பார்த்து, கேஸின் பெயர், அளவு, வாங்கிய வருடம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கரண்டு பில் அட்டையோடு வைத்துவிடுங்கள். ஆர்-22 என்று இருந்தால், வெயில் ஏறிய பிறகு திண்டாடாமல், மழைக்காலத்தில் நிதானமாக விலை விசாரித்து வையுங்கள். சீசனில் கொள்முதல் செய்பவன் சொன்ன விலைக்குத்தான் வாங்க வேண்டும் என்பது நம் தொழில் நமக்குக் கற்றுத் தந்த பாடம்தானே!